32 பிட்டில் அடைத்த காலம்

யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பர் 3 தேதியிட்டது. சிஸ்டம் புரோகிராமிங் கற்க வருகிறவர்களுக்கு அதில் ‘டைம்’ என்ற அழைப்புக்கான பக்கத்தைத்தான் நான் முதலில் காட்டுவேன். வினாடியை அறுபதாகப் பிரித்து, 1971 ஜனவரி 1 நள்ளிரவு முதல் அப்படி எத்தனை துண்டுகள் கழிந்தன என்று எண்ணுவதே அன்றைய யூனிக்ஸின் நேரம். அறுபது என்பது அமெரிக்க மின்சாரம் கொடுத்த எண். கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் பெல் லேப்ஸில் பயன்படுத்திய பிடிபி-11 கணினியில், 60 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தின் ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒரு இன்டரப்ட் எழும். கெர்னல் ஒன்றைக் கூட்டிக்கொள்ளும்.

அந்தக் கூட்டுத்தொகைக்கு ஒதுக்கிய இடம் 32 பிட். சுமார் 828 நாளில் அது நிரம்பிவிடும். எழுதியவர்களுக்கு இது தெரியும்; கையேட்டிலேயே குறையாகப் பதிவு செய்தார்கள். முதலில் தொடக்க ஆண்டைத் தள்ளிவைத்துச் சமாளித்தார்கள். பிறகு, 1973-இன் நான்காம் பதிப்பில், 1970 ஜனவரி 1 முதல் முழு வினாடிகளை எண்ணும் முறைக்கு மாறினார்கள். இன்றும் அதே கணக்குதான்.

1979-இல் வந்த ஏழாம் பதிப்பின் ‘கிளாக்.சி’ கோப்பு இன்றும் படிக்கக் கிடைக்கிறது. ஒரு புரோகிராம் ‘அலாரம்’ என்று அழைத்து 10 என்று கொடுத்தால், அதன் ப்ராசஸ் பதிவில் 10 என்ற எண் ஏறும். ‘டிக்’ எனப்படும் அந்தத் துண்டுகள் அறுபது சேர்ந்து ஒரு வினாடி ஆனதும், கெர்னல் ப்ராசஸ் பட்டியல் முழுவதையும் வரிசையாகப் பார்த்து, அலாரம் வைத்த ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கழிக்கும். பூஜ்யமானால் 14-ஆம் எண் சிக்னல் போகும். வினாடியின் நடுவில் அலாரம் வைத்தவருக்கு அது சற்று முன்னதாகவே அடித்துவிடும். இந்த எண்ணுக்கு இருந்ததோ 16 பிட். ஆகவே அதிகபட்சம் 65,535 வினாடி, அதாவது 18 மணி நேரத்துக்குச் சற்று அதிகம். இரண்டையும் கையேடு ஒளிக்காமல் சொல்கிறது. அந்த நேர்மைக்காகவே அந்தப் பக்கங்கள் எனக்குப் பிடிக்கும்.

பின்னால் வந்தவர்களும் இதே சுவரில் முட்டினார்கள். விண்டோஸ் 95 மில்லிவினாடிகளை 32 பிட்டில் எண்ணியது. 49.7 நாள் தொடர்ந்து ஓடினால் உறைந்து போகலாம் என்பது பல ஆண்டுகள் கழித்தே வெளியே தெரிந்தது. பழைய லினக்ஸ், வினாடிக்கு 100 டிக் வீதம் ‘ஜிஃபீஸ்’ என்ற எண்ணில் கூட்டியது. 32 பிட் கணினியில் 497 நாளில் அது பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். எந்த டிரைவர் எழுதுகிறவர் 497 நாள் காத்திருந்து சோதிப்பார்?

லினக்ஸ் கெர்னல்காரர்கள் கண்ட தீர்வை நான் பெரிய கண்டுபிடிப்பாகவே மதிக்கிறேன். 2.6 பதிப்பு முதல் ஜிஃபீஸ் பூஜ்யத்தில் தொடங்குவதில்லை. நிரம்புவதற்கு ஐந்து நிமிடம் மிச்சம் இருக்கும் எண்ணில் தொடங்குகிறது. கணினியைப் போட்ட ஐந்தாவது நிமிடமே எண் சுற்றித் திரும்பும். தவறாக எழுதிய புரோகிராம் இருந்தால், அதை எழுதியவரின் மேசையிலேயே பிடிபடும்.

அடுத்த கெடு 2038 ஜனவரி 19. குறியுள்ள 32 பிட்டில் வினாடிகளை எண்ணுகிற எல்லாவற்றுக்கும் இந்திய நேரப்படி அன்று காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடியோடு இடம் தீர்ந்துவிடும். 2020-இல் வந்த லினக்ஸ் 5.6, 32 பிட் கணினிகளிலும் கெர்னல் அளவில் இதைத் தாண்ட வழி செய்துவிட்டது. ஆனால் மீட்டர்களிலும் ரவுட்டர்களிலும் உட்கார்ந்திருக்கும் நம்முடைய புரோகிராம்களையும், நாம் வகுத்த ஃபைல் வடிவங்களையும் கெர்னல் திருத்தித் தராது. சோதனைக்கென வைத்திருக்கும் ஒரு கருவியின் கடிகாரத்தை அன்று காலை 8:40-க்குத் தள்ளிவைத்து, உங்கள் புரோகிராமை ஓடவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் விடை தெரிந்துவிடும். திருத்த இன்னும் அவகாசம் இருக்கும்போதே அதைச் செய்யுங்கள்.