பாசி வடிகட்டியில் வாழும் நுண் ஓட்டுடலிகள்: அழிப்பதா, அறுவடையால் ஆள்வதா?

கடல்நீர்த் தொட்டிகளில் பாசி வடிகட்டியைப் பயன்படுத்துவோரிடம் ஒரு வழக்கம் ஊன்றியிருக்கிறது. பாசி வளரும் திரையைச் சுரண்டும்போதெல்லாம் அதை நன்னீரில் அலசி, பாசியிழைகளுக்கிடையே குடியேறியிருக்கும் கோப்பிபாட், ஆம்பிபாட் போன்ற சிறு ஓட்டுடலிகளைக் கொன்றுவிடுகிறார்கள். அவை பாசியைத் தின்று வடிகட்டியின் திறனைக் கெடுக்கின்றன என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் திரையில் வாழும் எல்லா உயிர்களுக்கும் அது பொருந்தாது. பொருந்தும் உயிர்களுக்கும் நன்னீர் அலசல் தக்க தீர்வாகாது. மேய்ச்சலை உண்மையில் ஆள்வது அறுவடைக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட காலமே என்பது இக்கட்டுரையின் வாதம்.

பாசி வடிகட்டி முறையை உருவாக்கியவர் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஆய்வாளர் வால்ட்டர் ஏடி. வாஷிங்டனிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 1980இல் திறக்கப்பட்ட பவளப்பாறைத் தொட்டி இதைக் கொண்டே இயங்கியது. 1982இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1987இல் ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் திறக்கப்பட்ட பெருந்தொட்டியும் இதையே நம்பியிருந்தது. சொரசொரப்பான திரைமீது அலையலையாக நீர் பாய்கிறது; விளக்கொளியில் இழைப்பாசி அடர்ந்து, நீரிலுள்ள நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் உறிஞ்சித் தன் உடலாக்கிக்கொள்கிறது. ஆனால் பாசியைச் சுரண்டி வெளியே எடுக்கும்வரை அந்தச் சத்து தொட்டியின் நீர்ச்சுற்றுக்குள்ளேயே இருக்கிறது. திரையில் வாழும் ஓட்டுடலிகளால் விளையும் நன்மை தீமை இரண்டையும் இந்த அடிப்படையில் வைத்தே மதிப்பிட வேண்டும்.

அவற்றுக்கு எதிரான வலுவான சான்று அதே வாஷிங்டன் தொட்டியிலிருந்துதான் வந்தது. சூசன் பிராலியும் ஏடியும் 1981இல் வெளியிட்ட ஆய்வில், ஆம்பித்தோ ரமோண்டி என்னும் ஆம்பிபாட் பெருகப் பெருக மெல்லிய இழைப்பாசிகள் குறைந்து, ஹிப்னியா என்னும் தடித்த சிவப்புப்பாசி மேலோங்கியது. இந்த இனத்தவை பாசித்துண்டுகளைத் தம் உடலில் சுரக்கும் பட்டிழையால் பிணைத்துக் குழாய்வீடு கட்டுபவை. ஆகவே உணவும் உறைவிடமும் ஒரே பாசியில் கிடைக்கும் இடத்தில் நிலைத்துவிடுகின்றன. இந்த முடிவை அப்படியே ஏற்க வேண்டும். ஆனால் அதைக் கோப்பிபாட்களுக்கும் நீட்டுவது தவறு. திரையில் மிகுதியாகக் காணப்படும் ஹார்ப்பாக்டிகாய்டு வகைக் கோப்பிபாட்கள் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளமே உடையவை. இழைகளைக் கடித்துத் துண்டாக்குவதைவிட, அவற்றின்மேல் படியும் டயாட்டம், பாக்டீரியப் படலம், மட்கு ஆகியவற்றையே அவை பெரிதும் உண்கின்றன. ஆம்பிபாட்டும் கோப்பிபாட்டும் ஒரே திரையில் இருப்பதாலேயே ஒரே குற்றத்துக்கு உரியவை ஆகிவிடா.

பாசியை உண்ட உயிர் அதை அம்மோனியாவாகக் கழிப்பதால் சத்து மறுபடியும் நீருக்கே திரும்புகிறதே என்று மறுக்கலாம். திரும்புவது உண்மைதான். ஆனால் அம்மோனியம் பாசி விரைந்து ஏற்கும் நைட்ரஜன் வடிவம். கழிந்த இடத்திலேயே அதைப் பிடித்துக்கொள்ள இழைகள் காத்திருக்கின்றன. உண்மையான இழப்பு, மேய்ச்சல் வேகம் வளர்ச்சி வேகத்தை மிஞ்சித் திரை வெறுமையாகும்போதுதான் நேர்கிறது. அந்த நிலை ஒரு வாரத்தில் வந்துவிடாது. ஆம்பிபாட்டின் முட்டைகள் தாயின் வயிற்றடிப் பையிலேயே பொரிந்து, குஞ்சுகள் முதிர்வதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஏழு முதல் பதினான்கு நாள்களுக்கு ஒருமுறை சுரண்டினால், பெருகத் தொடங்கும் கூட்டம் பாசியோடு சேர்ந்தே வெளியேறிவிடும். சுரண்டலுக்குத் தப்பியவை சில எஞ்சினாலும், அவற்றின் எண்ணிக்கை பாசியை வெல்லும் அளவை எட்டாது.

நன்னீர் அலசலோ தீங்கு செய்பவற்றை மட்டும் தேர்ந்தெடுப்பதில்லை. அது கோப்பிபாட்களையும் ஆம்பிபாட்களையும் வேறுபாடின்றித் தாக்குகிறது. மழையும் வெயிலும் மாறிமாறித் தாக்கும் பாறைக்குட்டைகளில் வாழப் பழகிய டிக்ரியோபஸ் போன்ற கோப்பிபாட்கள் சிறிதுநேர அலசலைத் தாங்கவும் கூடும். மாறாக, சுரண்டிய பாசியைத் தொட்டி நீரிலேயே அலசி, ஒரு மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் வடித்தால், கோப்பிபாட்கள் நீரோடு இறங்கிவிடும். வளர்ந்த ஆம்பிபாட்கள் பெரும்பாலும் மேலே தங்கிவிடும். கீழிறங்கியவற்றைத் தொட்டிக்கே திருப்பிவிடலாம். சிறு கோப்பிபாட்களைப் பகலெல்லாம் கொத்தித் தின்னும் மாண்டரின் மீனுக்கு வேறெதனாலும் எளிதில் ஈடுசெய்ய முடியாத உணவு அது.

இந்த வாதத்துக்கு ஓர் எல்லை உண்டு. இடையறாது சுரண்டியும் திரை மொட்டையாகிக்கொண்டே போனால், ஆம்பிபாட்களை உண்ணும் மீன் தொட்டியில் இல்லை என்பதற்கு அது அறிகுறியாக இருக்கலாம். அங்கே நன்னீரில் அலசுவது ஒருமுறைச் சிகிச்சையாக நியாயமாகலாம். அதையே நிரந்தர விதியாக்கினால், தொட்டிக்குள் உணவுச்சங்கிலியின் கீழ்க்கண்ணியை நாமே வாரந்தோறும் அறுக்கிறோம். பாசி வடிகட்டி கழிவை நீக்கும் கருவி என்பதோடு, அக்கழிவை உணவாக மாற்றும் இடமும்கூட. அறுவடையை ஒழுங்காகச் செய்வோருக்கு இந்த இரண்டு பயன்களில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டிய தேவையில்லை.