நைரேரேயின் பதவி விலகல் (1985)

தான்சானியாவின் முதல் குடியரசுத் தலைவர் ஜூலியஸ் நைரேரே (1922–1999), 1985 நவம்பர் 5 அன்று ஆட்சிப் பொறுப்பை அலி ஹசன் முவின்யியிடம் ஒப்படைத்தார். அவர் தேர்தலில் தோற்கவில்லை. படைவீரர்கள் அவரைக் கவிழ்க்கவில்லை. உடல்நலமும் நன்றாகவே இருந்தது. விலகுவதென்று அவரே முடிவு செய்தார். விடுதலை பெற்ற ஆப்பிரிக்காவில் அதற்கு முன் இப்படித் தாமாகப் பதவி துறந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். செனகலின் செங்கோர் 1980 இறுதியிலும், கேமரூனின் அஹிட்ஜோ 1982-லும் விலகினார்கள்.

நைரேரேவுக்குப் பதவி துறப்பது புதிதல்ல. இன்றைய தான்சானியாவின் பெரும்பகுதியான டாங்கனிகா 1961 டிசம்பர் 9 அன்று விடுதலை பெற்றபோது அவர் பிரதமரானார். ஆறே வாரங்களில், 1962 ஜனவரி 22 அன்று, ரஷீதி கவாவாவிடம் பிரதமர் பதவியைக் கொடுத்துவிட்டு, தமது டானு கட்சியை ஊர் ஊராகச் சென்று சீரமைக்கப் புறப்பட்டார். அவரது சோசலிசக் கொள்கையை விளக்கும் ‘உஜமா’ சிறுநூல் எழுதப்பட்டது அந்த ஆண்டில்தான். ஆண்டிறுதியில் நாடு குடியரசானபோது தலைவராகத் திரும்பிவந்தார். பிறகு 23 ஆண்டுகள் அந்தப் பதவியில் நீடித்தார்.

பின்னணி

அந்த 23 ஆண்டுகளின் கணக்கு எளிதில் தீர்வதல்ல. 120-க்கும் மேற்பட்ட இனக்குழுக்கள் கொண்ட நாட்டைச் சுவாஹிலி மொழியாலும் பள்ளிக் கல்வியாலும் ஒன்றாகக் கட்டினார். 1964-இல் ஸான்சிபார் தீவுகளையும் டாங்கனிகாவையும் இணைத்தார். மறுபக்கம், 1967-இல் சோசலிசத்தை அறிவித்த அருஷா பிரகடனத்தைத் தொடர்ந்து வந்த உஜமா கிராமத் திட்டம் 1970-களில் கட்டாயக் குடியேற்றமாக மாறியது. 50 லட்சத்துக்கும் மேற்பட்ட உழவர்கள் தம் நிலத்தை விட்டு இடம் மாற்றப்பட்டார்கள், விளைச்சல் சரிந்தது. உள்ளாட்சி அமைப்புகளையும் கூட்டுறவுச் சங்கங்களையும் கலைத்தது தவறு என்று 1984-இல் ஒரு நேர்காணலில் அவரே ஒப்புக்கொண்டார். ஆட்சியில் இருக்கும்போதே இப்படிச் சொல்வதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

எண்ணெய் விலை உயர்வும் ஏற்றுமதிப் பயிர்களின் விலைச் சரிவும் ஒருபுறம் அழுத்த, உகாண்டாவின் இடி அமீனை எதிர்த்து 1978–79-இல் நடத்திய போரின் செலவு மறுபுறம் அழுத்தியது. கடன் தர முன்வந்த சர்வதேச நாணய நிதியம், ஷில்லிங்கின் மதிப்பைக் குறைக்கவும் மக்காச்சோள மாவுக்கான மானியத்தை வெட்டவும் கேட்டது. ஏழைகளின் அன்றாட உணவில் கை வைக்கும் அந்த நிபந்தனைகளை நைரேரே ஆண்டுக்கணக்கில் மறுத்துவந்தார். முவின்யி பொறுப்பேற்ற மறு ஆண்டே, 1986-இல், நிதியத்துடன் உடன்பாடு கையெழுத்தானது. தம்மால் மனமுவந்து போட முடியாத கையெழுத்துக்கு அவர் விலகல் வழிவிட்டது என்று கருத இடமிருக்கிறது.

வாரிசுத் தேர்வு

அவருக்கு அடுத்தவர் என்று பலரும் நம்பியிருந்த பிரதமர் எட்வர்ட் சொகோயினே, 1984 ஏப்ரல் 12 அன்று மொரோகோரோ அருகே சாலை விபத்தில் இறந்தார். அதே ஆண்டு அரசியலமைப்பு திருத்தப்பட்டது. உரிமைகள் சாசனம் சேர்க்கப்பட்டதோடு, குடியரசுத் தலைவர் ஐந்தாண்டு வீதம் இரண்டு முறைக்கு மேல் பதவி வகிக்கக் கூடாது என்ற வரம்பும் வந்தது. அடுத்த ஆண்டின் விடைபெறும் விழாக்களைவிட இந்த வரம்பே கனமானது என்று கருதத் தோன்றுகிறது. ஒருவரின் பெருந்தன்மை அவரோடு முடிந்துவிடும். சட்டம் அடுத்து வருபவரையும் கட்டும்.

1985-இல் டானுவின் வழிவந்த ஆளும் கட்சியான சாமா சா மபிந்துசியின் முன் கவாவா, சலீம் அகமது சலீம், முவின்யி ஆகிய மூவரின் பெயர்கள் இருந்தன. ஸான்சிபாரின் தலைவராக இருந்த முவின்யி தேர்வானார். அக்டோபர் தேர்தலில் அவர் ஒருவரே வேட்பாளர். வாக்காளர்கள் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று மட்டுமே வாக்களிக்க முடிந்தது. நைரேரே விலகிய முறையைப் போற்றும்போது, மக்களுக்கு வேறொருவரைத் தேர்ந்தெடுக்க வழியில்லாதிருந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கட்சித் தலைமை

ஆட்சியை விட்டாலும் கட்சித் தலைமையை அவர் 1990 வரை விடவில்லை. அது ஆபத்தான ஏற்பாடு. கேமரூனில் அஹிட்ஜோவும் இப்படித்தான் கட்சியைத் தம் கையில் வைத்துக்கொண்டு ஆட்சியை பால் பியாவிடம் கொடுத்தார். ஓராண்டுக்குள் பகை முற்றி அவர் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. பின்னர் அவர் இல்லாமலேயே மரண தண்டனையும் விதிக்கப்பட்டது. தான்சானியாவில் அது நடக்கவில்லை. சந்தையைத் திறந்துவிட்ட முவின்யியின் போக்கு நைரேரேவுக்கு உவப்பாக இல்லை. அதை வெளிப்படையாகவே கண்டித்தார். ஆனால் அவரைக் கவிழ்க்க முயலவில்லை. ஒரு கட்சி ஆட்சியை உருவாக்கியவரே 1990-இல் பல கட்சி முறை பற்றிய விவாதத்துக்குக் கதவைத் திறந்தார். 1992-இல் அது சட்டமானது.

ஓய்வுக் காலத்தில் விக்டோரியா ஏரிக்குக் கிழக்கே தாம் பிறந்த புடியாமா ஊரில் பயிர் செய்தார். 1987 முதல் 1990 வரை வளரும் நாடுகளுக்கான தென்னுலக ஆணையத்துக்குத் தலைமை தாங்கினார். பின்னாளில் இந்தியப் பிரதமரான மன்மோகன் சிங் அதன் பொதுச் செயலாளராக இருந்தார். 1995-இல் இந்திய அரசின் காந்தி அமைதிப் பரிசு முதன்முதலாக நைரேரேவுக்கே வழங்கப்பட்டது. புருண்டி உள்நாட்டுப் போரை நிறுத்தும் பேச்சுவார்த்தையை நடத்திவந்த நிலையில், 1999 அக்டோபர் 14 அன்று லண்டன் மருத்துவமனையில் இரத்தப் புற்றுநோயால் காலமானார்.

1984-இல் வந்த வரம்புப்படியே, அடுத்தடுத்த குடியரசுத் தலைவர்களான முவின்யி 1995-லும், பெஞ்சமின் முகாபா 2005-லும், ஜகாயா கிக்வேதே 2015-லும் இரண்டு முறை முடிந்ததும் விலகினார்கள். 2000-இல் ஸான்சிபார் தலைவர் சல்மின் அமூர் மூன்றாம் முறை போட்டியிட விரும்பியபோது, அவருடைய கட்சியே அதற்கு இசையாமல் அமானி கருமேயை வேட்பாளராக நிறுத்தியது.