ஓட்டத்தில் டிராக்டர் நின்று நின்று போகிறதா? ஈசியூவை மாற்றும் முன் வயரைப் பாருங்கள்

சேற்றுழவு நடக்கும்போது டிராக்டர் திடீரென நின்றுவிடும். அரை மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றும் நடக்காதது போல ஓடும். மெக்கானிக் வரும்போது பழுது இருக்காது. இரண்டு மூன்று முறை இப்படி ஆனதும், "ஈசியூ போயிருக்கும், மாற்றிவிடலாம்" என்பார்கள். பயிற்சிக்கு வந்த விவசாயி ஒருவர் அப்படி மாற்றிய பிறகும் வண்டி நின்றது. கடைசியில் பழுது, சேஸிஸில் துருப்பிடித்திருந்த ஒரு எர்த் போல்ட்டில் இருந்தது.

2023 ஜனவரி முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்கு டிரெம் 4 புகை விதி வந்தது. அதனால் இந்த வகையில் சிஆர்டிஐ எஞ்சின்கள் பரவலாகிவிட்டன. இவற்றில் டீசல் எப்போது, எவ்வளவு பாய வேண்டும் என்பதை சென்சார்களின் தகவலைக் கொண்டு ஈசியூ முடிவு செய்கிறது. நடுவில் ஒரு வயர் நொடி நேரம் தொடர்பு விட்டாலும் எஞ்சின் தடுமாறும்.

முதலில், நின்ற விதத்தைக் கவனியுங்கள். சாவியை அணைத்தது போல ஒரேயடியாக நின்றால் மின் பழுதாக இருக்கலாம். திணறி, இழுவை குறைந்து, மெல்ல நின்றால் டீசல் ஃபில்டர் அடைப்பு அல்லது டீசல் லைனில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் சூடான பின் நின்று, ஆறியதும் ஓடினால் கிராங்க் சென்சார் மேல் சந்தேகம் வர வேண்டும். மேடு பள்ளத்தில் மட்டும் நின்றால் தளர்ந்த வயர்; தண்ணீர் விட்டுக் கழுவிய மறுநாள் நின்றால் கப்ளருக்குள் ஈரம். நேரம், சூடு, எரிந்த விளக்கு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மெக்கானிக்குக் கருவியைவிட இது உதவும்.

பேட்டரியும் எர்த்தும்

பாதிப் பழுது இங்கேயே தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைத் தூளைச் சுத்தம் செய்து இறுக்குங்கள். சாதாரண மல்டிமீட்டர் போதும். எஞ்சின் ஓடாதபோது நல்ல பேட்டரி 12.4 முதல் 12.7 வோல்ட் காட்டும். ஓடும்போது ஏறக்குறைய 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் ஈசியூ தடுமாறலாம்.

அடுத்து, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகடிவ்விலும், மறுமுனையை எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இரும்பிலும் வைத்துக்கொண்டு, நியூட்ரலில் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் வயரைக் கழற்றி, துருவைச் சுரண்டிப் பொருத்துங்கள். வெளியே பார்க்க நன்றாகத் தெரியும் எர்த் வயரும் இந்தச் சோதனையில் மாட்டும்.

பிறகு கப்ளர்கள். நியூட்ரல், ஹேண்ட் பிரேக், பிடிஓ ஆஃப். எஞ்சினை ஐடிலில் விட்டு, ஃபேன் பெல்ட்டுக்கு விலகி நின்று, வயர்க் கட்டை ஒவ்வொரு இடமாக மெல்ல அசையுங்கள். எந்த இடத்தில் எஞ்சின் துடிக்கிறதோ அங்கேதான் பழுது. சாவியை அணைத்துவிட்டு அந்தக் கப்ளரைத் திறந்து, பின் வளைந்திருக்கிறதா, பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். வயர் உறையில் ஊசி குத்திச் சோதிக்காதீர்கள். அந்தத் துளை வழியாக ஈரம் புகுந்து அடுத்த பருவத்தில் புதுப் பழுதைத் தரும்.

எரர் கோடு வந்தால் எழுதிக்கொண்ட பிறகே அழிக்கச் சொல்லுங்கள். ஒரு சென்சாரின் கோடு வந்தால் அந்த சென்சாரே கெட்டுவிட்டது என்று பொருளல்ல. அதன் வயரும் காரணமாகலாம். பல சென்சார்களின் கோடு ஒரே நேரத்தில் வந்தால், அத்தனையும் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. அவற்றுக்குப் பொதுவான எர்த்தையும், ஈசியூ தரும் 5 வோல்ட் லைனையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சென்சார் ஷார்ட் ஆனாலே அந்த லைன் முழுவதும் படுத்துவிடும்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. பழைய டிராக்டரில் காற்று எடுப்பது போல இன்ஜெக்டர் பைப்பைத் தளர்த்திப் பார்க்காதீர்கள். சிஆர்டிஐ லைனில் 1,000 பாருக்கு மேல் அழுத்தம் இருக்கும். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். சிறு காயம் போலத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வெல்டிங் வேலைக்கு முன் பேட்டரியையும் ஈசியூ கப்ளரையும் கழற்றிவிடுங்கள். அறுவடைக்குப் பின் வண்டியை வைக்கோல் போர் அருகே நிறுத்தினால், மறுபடி எடுக்கும் முன் வயர்க் கட்டை எலி கடித்திருக்கிறதா என்று ஒருமுறை தடவிப் பாருங்கள்.