காட்சிச்சாலைப் பொருள்களும் அவற்றைத் தேடும் நெறியும்

சென்னை எழும்பூரிலுள்ள அரசாங்கப் பொருட்காட்சிச்சாலையை முன்னாளில் நம் நாட்டுப்புறத்து மக்கள் ‘செத்த காலேஜ்’ என்று வழங்கினர். உயிருள்ள விலங்குகளைக் காட்டிய தோட்டம் அவர்களுக்கு ‘உயிர்க் காலேஜ்’ ஆயிற்று. 1851ஆம் ஆண்டில் தொடங்கிய அச்சாலைக்கு முதற் பொறுப்பாளராக அமர்ந்த பால்பர் என்னும் மருத்துவரே விலங்குத் தோட்டத்தையும் 1855இல் அதன் வளாகத்தில் நிறுவினாராதலின், இரு பெயரும் இரட்டைப் பிள்ளைகள் போல் வழங்கலாயின. இப்பெயர்களை இட்டோர் பெரும்பாலும் ஏட்டுக்கல்வி பயிலாதவரே. ஆயினும் செத்த பொருளும் பாடம் சொல்லும் என்பதை உணர்ந்தே அதனைக் கல்லூரி என்றனர் போலும்.

அக்கல்லூரியிற் பாடங்கேட்கும் முறை நெடுங்காலம் ஒன்றாகவே இருந்தது. வேண்டுவோர் நேரிற் சென்று, கண்ணாடிப் பேழைக்குள் வைத்தனவற்றைக் கண்டு, ஐயமுளதாயின் ஆங்குள்ள அதிகாரியை வினவி மீள்வர். கற்றோர்க்குப் பொருளட்டவணைகள் உதவின. கிரேவ்லி துரையும் டி. என். இராமச்சந்திரன் அவர்களும் சேர்ந்து சென்னைச் சாலையின் செப்புத் திருமேனிகளுக்கு 1932இல் வெளியிட்ட அட்டவணை இன்றும் அறிஞர் எடுத்தாளும் பெருமையுடையது. எனினும் அது ஆங்கிலத்தில் அமைந்த நூலாதலின், அத்திருமேனிகளை வழிபட்ட ஊரார் கைக்கு எட்டாததாயிற்று.

இற்றை நாளில் நிலைமை மாறியுளது. 1753இல் தோன்றிய இலண்டன் பிரிட்டிஷ் மியூசியம் தன் பொருட்பதிவுகளை 2007 முதல் இணையத்தில் திறந்து வைத்தது. நியூயார்க்கு நகரத்து மெட்ரோபாலிட்டன் கலைக்கூடம், உரிமைத்தடையற்ற தன் படங்களை எவரும் எடுத்தாளலாம் என 2017இல் அறிவித்தது. நம் மத்திய அரசின் காட்சிச்சாலைகள் பலவற்றின் பொருள்களும் ‘மியூசியம்ஸ் ஆப் இந்தியா’ என்னும் ஒரே தொகுப்பில் இணையத்தில் காணக் கிடைக்கின்றன. பிரிட்டிஷ் மியூசியத்துள்ள ஏறத்தாழ எண்பது இலட்சம் பொருள்களுள், கூடத்திற் காட்சிக்கு வைக்கப்படுவன நூற்றுக்கு ஒன்றளவே. எஞ்சியவை காப்பறைகளில் உறங்குகின்றன. கப்பலேறிச் சென்றவனும் காணாதனவற்றை, ரமணாசிரமத்தின் அருகே செங்கம் சாலையில் ஒரு திண்ணையில் இருந்துகொண்டே நம் பிள்ளைகள் கைப்பேசியிற் காணலாகும் காலம் இது. வாயில் திறந்துளதாயினும், உட்புகும் வழி யாது என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்தது.

வழி இரண்டு. ஒன்று தேடுதல்; மற்றொன்று உலாவுதல். இவ்வூரார்க்கு இவ்வேற்றுமையை விளக்குதல் எளிது. கோயிலுள் நேரே சென்று சந்நிதியில் நின்று வணங்கி மீள்வார் ஒரு சாரார். பதினான்கு கிலோமீட்டர் மலையைச் சுற்றி நடந்து, எட்டுத் திக்கின் இலிங்கங்களையும், குளங்களையும், மண்டபங்களையும் கண்டு, மலை ஒவ்வொரு திருப்பத்திலும் வேறுவேறு உருக்காட்டுவதை அறிந்து வருவார் மற்றொரு சாரார். முன்னவர் போன்றது தேடுதல். ஒரு சொல்லை எழுதினால் அச்சொல் பதிவிலுள்ள பொருள் மட்டும் வரும். பின்னவர் போன்றது உலாவுதல். இன்ன ஊர், இன்ன நூற்றாண்டு, கல், செம்பு, துணி என்னும் பகுப்புக்களின் வழியே நடந்து, தாம் கேட்க அறியாதவற்றையும் எதிர்ப்படக் காண்பது அது. மிட்செல் ஒயிட்லா என்னும் ஆஸ்திரேலிய நாட்டறிஞர் 2015இல் எழுதிய கட்டுரையொன்றில், வெறுங்கட்டம் ஒன்றைக் காட்டி ‘யாது வேண்டும்?’ என வினவி நிற்கும் தொகுப்பு ஈகையற்றது என்றும், முதலிலேயே தன் செல்வத்தை விரித்துக் காட்டுவதே வள்ளன்மை என்றும் கருத்துரைத்தார். வந்த விருந்தினனைத் திண்ணையில் நிறுத்தி, ‘என்ன வேண்டும்?’ என்று கேட்பவனை நம்மவர் விருந்தோம்புவான் என்று சொல்லார் அன்றோ?

தேடுவார்க்கு நேரும் இடர்ப்பாடு பெயரால் வருவது. பொருளுக்குப் பெயரிட்டவன் ஒருவன், தேடுபவன் மற்றொருவன். நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். 1767இல் ஐதரலிக்கும் ஆங்கிலேயர்க்கும் இங்கு நிகழ்ந்த போரை அக்காலத்து ஆங்கிலேயர் ‘டிரினோமலி’ப் போர் என்றே எழுதி வைத்தனர். திருவண்ணாமலை என்று தேடுபவனுக்கு அந்தப் பெயரிற் பதிந்த படமும் நாட்டுப்படமும் அகப்படாமற் போதல் கூடும். ஆங்கில எழுத்தில் ‘திரு’ என்பதை எழுதும் முறையே இரண்டு. தஞ்சாவூரைத் ‘தஞ்சூர்’ என்றும், திருநெல்வேலியைத் ‘தின்னவெல்லி’ என்றும், காஞ்சிபுரத்தைக் ‘கஞ்சீவரம்’ என்றும் எழுதிய காலத்துப் பதிவுகள் அவ்வாறே நிற்பனவும் உள.

பொருட்பெயரும் இத்தகையதே. செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாட்டுத் தொல்பொருள் ஆய்வுத்துறை, அறிஞர் இரா. நாகசாமி அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972இல் நூலாக வெளியிட்டது. ஆநிரை மீட்டுப் பட்ட வீரர்களின் பெயரும் ஊரும் அக்கற்களில் வட்டெழுத்திற் பொறிக்கப்பட்டுள்ளன. நாம் ‘நடுகல்’ என்போம். கன்னட நாட்டார் ‘வீரகல்’ என்பர். ஆங்கிலப் பதிவாளன் ‘ஹீரோ ஸ்டோன்’ என்றோ, ‘மெமோரியல் ஸ்டோன்’ என்றோ எழுதுவான். நம் சொல்லை மட்டும் அறிந்தவன், உள்ள கல்லையும் இல்லையென்று எண்ணித் திரும்புவான். இது நமக்கு மட்டும் நேர்வதன்று. அமெரிக்க நாட்டுக் கலைக்கூடங்கள் சில, 2005ஐ ஒட்டிய ஆண்டுகளில், காண்போரையே பொருள்களுக்குப் பெயரிடச் செய்து ஆராய்ந்தன. பொதுமக்கள் இட்ட சொற்களுட் பெரும்பாலன காட்சிச்சாலையார் எழுதிய குறிப்புக்களில் இல்லாதன எனத் தெரியவந்தது.

இதனால் நமக்கு வரும் ஊதியம் யாது என வினவுவார்க்கு ஒரு சரித்திரம் கூறுவோம். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தார் 1956 முதல் தென்னாட்டுக் கோயில்தோறும் சென்று எடுத்த நிழற்படங்கள் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டன. அவற்றுள் ஒன்று, கும்பகோணத்தை அடுத்த சௌந்தரராஜப் பெருமாள் திருக்கோயிலில் 1957இல் எடுத்த திருமங்கையாழ்வார் செப்புத் திருமேனியின் படம். பத்தாண்டுக்குப் பின் 1967இல், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்து ஆஷ்மோலியன் காட்சிச்சாலையார் இலண்டன் ஏலத்தில் ஓர் ஆழ்வார் திருமேனியை விலைக்கு வாங்கினர். இரண்டும் ஒன்றென்பதை ஐம்பதாண்டுக்காலம் எவரும் அறிந்திலர். ஆராய்ச்சியாளர் ஒருவர் அவ்விரண்டையும் ஒப்புநோக்கித் தெரிவிக்கவே, அச்சாலையார் 2019இல் இந்தியத் தூதரகத்துக்கு எழுதினர். திருமேனியைத் திருப்பி அளிக்கப் பல்கலைக்கழகம் 2024இல் இசைந்தது. அப்படத்தில் ஊரும் கோயிலும் ஆண்டும் குறிக்கப்பட்டிராவிடின், ஆழ்வார் திருமேனி பெயரற்ற பழஞ்செம்பாகவே அங்கு நின்றிருக்கும். காவலும் பூட்டும் காவாததை ஒரு குறிப்புக் காத்தது.

இனி, நம் சங்கத்தார்க்குச் சிறப்பாக உரியதொன்றைச் சொல்லுதும். நம் இளைஞர் இத்தொகுப்புக்களில் முதலில் தேடுவது பெரும்பாலும் குலப்பெயரையே. முன்னோர் பெருமை காண விழைதல் இயல்பே. அதனைக் குறை கூறோம். ஆயின் அப்பெயரால் வருவன எவை? 1885 முதல் இருபதாண்டுக்கு மேல் சென்னைக் காட்சிச்சாலையின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னாட்டுக் குலங்களையும் குடிகளையும் பற்றி 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். இன்று அவை இணையத்தில் எளிதிற் கிடைப்பன. மூக்கின் அகலத்தையும் தலையின் நீளத்தையும் கருவி கொண்டு அளந்து மக்களை வகைப்படுத்தலாம் என்று கருதிய காலம் அது. இக்கால அறிவியலார் அக்கொள்கையைக் கைவிட்டனர். ஆயினும் அவ்வளவைகளும் படங்களும் நிற்கின்றன. படத்தில் நிற்கும் மனிதர் பலர்க்குக் குலப்பெயர் மட்டுமே உண்டு. இன்னார் மகன், இன்ன ஊரன், இன்ன தொழிலன் என்பது இல்லை. செங்கத்து நடுகல்லில் ஆயிரம் ஆண்டுக்கு முன் பட்ட ஒரு வீரனுக்குப் பெயருண்டு. நூறாண்டுக்கு முன் நிழற்படக் கருவியின் முன் நின்ற நம் பாட்டனுக்குப் பெயரில்லை. இதனினும் வருந்தத்தக்கது யாதுளது?

ஆகலின் தேடுவார் கைக்கொள்ளத்தக்கன சில உரைப்போம். ஊர்ப்பெயரைப் பழைய வழக்கிலும் புதிய வழக்கிலும், இயன்ற எழுத்துமுறைகள் அனைத்திலும் எழுதித் தேடுக. ஒரு பொருள் கிட்டிற்றாயின் அதனோடு நில்லாது, அதே இடமும் காலமும் பொருண்மையும் உடைய பிறவற்றினூடே உலாவுக. பதிவெண்ணை மறவாது குறித்துக்கொள்க. எண்ணிருப்பின் எக்காலத்தும் அதனை மீண்டும் காணலாம். பதிவிற் பிழை கண்டால் சான்றுடன் அச்சாலையார்க்கு எழுதுக; ஆஷ்மோலியன் சரித்திரம் அதன் பயனைக் காட்டும். முன்னரே முடிவு செய்த பெருமைக்குச் சான்று தேடி அலையற்க; கண்ட சான்று சொல்லும் முடிவை ஏற்க.

தேடுதலினும் முந்திய கடமை ஒன்றுளது. நம் இல்லங்களின் சுவரில் தொங்கும் பழம்படங்களை நோக்குக. தலைப்பாகையுடன் நாற்காலியில் அமர்ந்த அப்பெரியவர் யாவர் என்பதை வீட்டிலுள்ள பாட்டியார் ஒருவரே அறிவர். அவர் காலத்துக்குப் பின் அவரும் பெயரற்ற ‘முதியவர்’ ஆவர். தர்ஸ்டன் எழுதாது விட்ட குறையை நம் வீட்டிலும் நாமே செய்யலாமா? செப்பேடோ, ஓலைச்சுவடியோ, மணப்பெண்ணின் பழம்பெட்டியோ, எதுவாயினும் இன்னது, இன்னாருடையது, இன்ன ஊரினது என்று பென்சில் கொண்டு ஒரு தாளில் எழுதி உடன்வைத்து, படமெடுத்து ஒரு படியைச் சங்கத்துக்கும் அனுப்புக. படங்களின் பின்புறத்தில் மெல்ல எழுதுக. இதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையும், பாட்டியார் அருகில் அமரும் பொறுமையும் போதும்.