அம்மைப்பாலும் பெற்றோர் மனச்சாட்சியும்

1853 ஆம் ஆண்டில் இங்கிலாந்துப் பாராளுமன்றம், பிறந்து மூன்று மாதங்களுள் குழந்தைகட்கு அம்மைப்பால் குத்துவித்தல் பெற்றோர் கடனென விதித்தது. 1796 இல் ஜென்னர் கண்ட இம்முறை பெரியம்மையைத் தடுக்க வல்லதே. எனினும், ஒரு குழந்தையின் கைப்புண்ணினின்று எடுத்த பாலை மற்றொரு குழந்தைக்குக் குத்துங்கால், மேகநோய் தொற்றியதும் உண்டு. அஞ்சி மறுத்த பெற்றோர் தண்டமிறுத்தனர். சிலர் சிறையும் புகுந்தனர். 1885 இல் லெஸ்ரர் நகரிற் பல்லாயிரவர் திரண்டு கண்டித்தனர்.

அரச ஆணைக்குழு ஆராய்ந்தபின் எழுந்த 1898 ஆம் ஆண்டுச் சட்டம், மனச்சாட்சியின்படி மறுப்போர்க்கு விலக்களித்தது. கைக்குக்கை மாற்றுமுறையையும் ஒழித்து, கன்றினின்று பெற்ற பாலை வழங்க வகைசெய்தது.

1980 இல் பெரியம்மை உலகினின்று ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது, அவ்வெற்றி அம்மைப்பாலினாலாயதே. ஆயினும், பெற்றோர் அச்சத்துள் மெய்யானதைத் தேர்ந்து நீக்குதல் அரசின் முதற்கடன் என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.