பட்டத்தில் பறந்த ஸ்கோர்: மோகன் பகானின் 1911

திருச்சியிலிருந்து இந்த வாரமும் ஒரு குட்டி வரலாறு. இன்னிக்கு ஒரு ஃபுட்பால் டீமோட ஒரே ஒரு சீசன்: கல்கத்தா, 1911, ஐ.எஃப்.ஏ. ஷீல்ட்.

“வெறுங்கால்ல ஆடி வெள்ளைக்காரனை ஜெயிச்சாங்க”, இதுதான் நமக்கு ஃபார்வர்டா வரும். உண்மைதான். ஆனா முதல் மேட்ச்ல மோகன் பகானுக்கு எதிரே நின்னது பட்டாளம் இல்லை, ஒரு காலேஜ். நம்ம ஜோசப் காலேஜ் மாதிரியே இயேசு சபை நடத்துற செயின்ட் சேவியர்ஸ். ஸ்கோர் 3-0.

இந்தக் கதையில் காலேஜுக்குப் பெரிய பங்கு உண்டு. 1870களில் கல்கத்தாவில் ஹேர் ஸ்கூல் மாணவன் நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரியும் நண்பர்களும் பந்தை உதைக்க ஆரம்பிச்சப்போ, ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவர் பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ஸ்டாக். அதே காலத்துல ஆட்சியாளர்கள் என்ன சொல்லிட்டிருந்தாங்க? “வங்காளி படிக்கத்தான் லாயக்கு, உடம்புல தெம்பில்லை.” ராணுவத்துக்கு ஆள் எடுக்கும்போதும் இதே பேச்சுதான்.

சேவியர்ஸுக்கு அப்புறம் ரேஞ்சர்ஸ் 2-1. ரைஃபிள் பிரிகேட் 1-0. அரையிறுதியில் மிடில்செக்ஸ் ரெஜிமென்ட்டோடு 1-1 டிரா. மறுபடி ஆடி 3-0. ஜூலை 29, ஃபைனல். எதிரே ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்.

மைதானத்துல அவ்வளவு கூட்டம். பின்னாடி நின்னவங்களுக்குப் பந்தே தெரியலை. அதனால பட்டத்துல ஸ்கோரை எழுதிப் பறக்கவிட்டாங்க. அந்தக் காலத்து நோட்டிஃபிகேஷன்! முதல் கோல் பட்டாளத்துக்கு. கேப்டன் சிப்தாஸ் பாதுரி சமன் செய்தார். ஆட்டம் முடியப்போற நேரத்துல அபிலாஷ் கோஷ் அடிச்சார். 2-1. பதினொரு பேர்ல பூட்ஸ் போட்டிருந்தவர் ஒரே ஒருத்தர், சுதிர் சாட்டர்ஜி. அவர் ஒரு காலேஜ் வாத்தியார்.

அதே வருஷம் டிசம்பர் 12-ல், தலைநகரம் டெல்லிக்குப் போகுதுன்னு அறிவிப்பு வந்தது. வங்கப் பிரிவினையும் ரத்து. உடனே, “தோத்த பயத்துல ஓடிட்டான்”னு ஒரு கதை கட்டுவாங்க. அது மிகை. பிரிவினைக்கு எதிரா 1905லிருந்தே தெருவில் போராட்டம் நடந்துட்டிருந்தது. அந்த உழைப்பை ரெண்டு கோல் கணக்குல எழுதக் கூடாது.

இந்த வெற்றி உடைச்சது வேற ஒண்ணை: “தெம்பில்லாதவன்” என்கிற முத்திரையை. அதுவும், படிச்சவனுக்கு உடம்பு வளையாதுன்னு சொன்னவங்க முன்னாடியே.

அடுத்த வாரம் பார்ப்போம், மக்களே!