எடைக்குறைப்பு அறுவையும் குடல் இயக்குநீர்களும்

உடல் பருமனுக்கான அறுவை மருத்துவம் 1950களில் அமெரிக்காவில் தொடங்கியது. 1954இல் மினசோட்டாவைச் சேர்ந்த கிரெமென், லின்னர், நெல்சன் ஆகியோர் சிறுகுடலின் பெரும்பகுதியை உணவுப் பாதையிலிருந்து விலக்கும் முறையை அறிவித்தனர். எடை குறைந்தது. ஆனால் ஓயாத வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கல், கல்லீரல் செயலிழப்பு எனப் பலர் அவதியுற்றனர், சிலர் இறந்தனர். பின்னர் அம்முறை கைவிடப்பட்டது.

அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்டு மேசன், வயிற்றுப்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதி நீக்கப்பட்ட பெண்கள் மெலிந்தே இருப்பதைக் கவனித்தார். இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்துச் சிறுகுடலுடன் இணைக்கும் முறையை அவரும் சிக்காசி இட்டோவும் 1967இல் வெளியிட்டனர். பை சிறியது, அதனால் உணவு குறைகிறது. அவ்வளவே என்று அன்று கருதப்பட்டது.

இக்கருத்தை அசைத்தது நீரிழிவு நோய். வட கரோலினாவின் வால்டர் போரீசு 1995இல் வெளியிட்ட கட்டுரையின்படி, அறுவை செய்துகொண்ட நீரிழிவாளருள் பெரும்பாலோருக்கு இரத்தச் சர்க்கரை சீரானது. அதுவும் எடை குறையும் முன்பே, சில நாட்களில்!

1999இல் சப்பானின் கோசிமா, கங்காவா குழுவினர் இரைப்பையில் சுரக்கும் பசியூக்கியான கிரெலினைக் கண்டறிந்தனர். அறுவைக்குப் பின் அது மிகக் குறைவதாக 2002இல் கம்மிங்சு குழு காட்டியது. பிற்கால ஆய்வுகள் இதில் ஒத்துப்போகவில்லை. உறுதியானது வேறொன்று: உணவு விரைந்து கீழ்ச்சிறுகுடலை அடைவதால் ஜி.எல்.பி-1, பி.வை.வை ஆகியவை மிகுதியாகச் சுரக்கின்றன. இரண்டும் பசியை அடக்குகின்றன. முன்னது இன்சுலினையும் தூண்டுகிறது. இரும்பு, பி12 உயிர்ச்சத்து ஆகியவற்றின் உறிஞ்சல் குறைவதால், இவ்வறுவை செய்துகொண்டோர் வாழ்நாள் முழுதும் சத்து மாத்திரைகள் உண்ண வேண்டியுள்ளது.